கடல் பக்கத்தில்தானே இருக்கிறது!

கொழும்பில் ஒரு மணி நேரம் விடாமல் மழை அடித்தால் போதும். மறுநாள் பொறியியலாளர் முதல் முச்சக்கர வண்டிச் சாரதி வரை எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: கான் போதாது. அகலமாக்கு, ஆழமாக்கு, பம்பைப் பூட்டு, தேவையென்றால் சுரங்கம் தோண்டு. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, தண்ணீரைச் சீக்கிரம் அதற்குள் தள்ளிவிடு. கொள்ளுப்பிட்டியில் இந்த நம்பிக்கை இன்னும் உறுதி. காலி வீதியிலிருந்து கீழே இறங்கினால் சில நிமிட நடையில் மரைன் டிரைவ். அதைத் தாண்டினால் ரயில் பாதை, கருங்கல் அணை, அலை. இவ்வளவு கிட்டக் கடலை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பது வெட்கக்கேடு என்று யாருக்கும் தோன்றும்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு. தண்ணீர் அழுக்காக இருப்பது வேறு கதை, அது கால்வாய்க்கரையில் குடியிருப்பவர்களும் பொலித்தீன் பையை வீசுகிறவர்களும் செய்கிற வேலை என்பது. ஆகவே வெள்ளத்துக்குப் பொறியியல், அழுக்குக்கு அபராதம். இரண்டுக்கும் இரண்டு அலுவலகம், இரண்டு கோப்பு.

தரைக்குக் கீழே இருப்பது ஒரே குழாய். வெள்ளத்தை எவ்வளவு வேகமாகக் கடலுக்குத் தள்ளுகிறோமோ, அவ்வளவு வேகமாக வீதியின் அழுக்கையும் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இது தற்செயலாக நேரும் பக்கவிளைவு அல்ல. நாங்கள் கட்டிய கான்கள் அப்படி வேலை செய்வதற்காகவே கட்டப்பட்டவை.

'கடலுக்குத் தள்ளு' என்பது புதிய யோசனையும் அல்ல. 1872இல் மேல்மாகாண அரசாங்க அதிபராக இருந்த சார்ள்ஸ் பீட்டர் லேயர்ட், கொழும்பின் வடபுற வெள்ளத்தை வடிப்பதற்காக வெள்ளவத்தைக் கால்வாயை வெட்டுவித்தார். ஊர் அதற்கு 'லேயர்டின் மடமை' என்று பெயர் வைத்தது. பெயர் மறைந்தது, கால்வாய் இன்றும் ஓடுகிறது, யோசனையும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1992 ஜூன் 4ஆம் திகதி தொடங்கிய 24 மணித்தியாலத்தில் கொழும்பில் 493.7 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2010 நவம்பரில் நாடாளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. சட்டம் இயற்றும் இடத்துக்குள் தண்ணீர் போனால் காசு தானாக வரும்: 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனோடு கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கால்வாய்கள் சீரமைக்கப்பட்டன, பம்ப் நிலையங்கள் வந்தன, முகத்துவாரத்தில் புதிய சுரங்கம் வந்தது.

அந்தச் சுரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொலன்னாவை, கிருலப்பனை, நாடாளுமன்றத்தைச் சுற்றிய பள்ளப் பகுதி எல்லாம் கடல் மட்டத்துக்கு மிகக் கிட்ட இருக்கும் நிலம். களனி கங்கை பெருகினால் அங்கே தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும். அதே திட்டம்தான் பெத்தகானவில் ஈரநிலப் பூங்காவையும் அமைத்தது, கொழும்பைச் சுற்றிய சதுப்பு நிலங்கள் வெள்ளத்தைத் தாங்கிப் பிடிப்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்ததற்குப் பின்னால் இருப்பதும் அந்தச் சதுப்புகள்தான். நான் மறுப்பது, பள்ள நிலத்துக்குப் பொருந்தும் தீர்வை மேட்டு நிலமான கொள்ளுப்பிட்டிக்கும் அப்படியே கொண்டுவருவதை. அதைவிட முக்கியமாக, கான் வாய் கடலைத் தொட்டவுடன் கணக்கு முடிந்துவிட்டது என்ற எண்ணத்தை.

மழை தொடங்கிய முதல் கால்மணி நேரத்தில் ஒரு கானுக்குள் என்ன போகிறது? சில நாள் வெயிலில் காலி வீதியின் தாரில் படிந்து கிடந்ததெல்லாம் போகிறது: என்ஜின் எண்ணெய், பிரேக் தூள், டயர் தேய்ந்த கறுப்புத் துகள். கொத்துக்கடைகளின் பின்பக்கம் பாத்திரம் கழுவிய கொழுப்பு. மாடி மாடியாக எழும்பும் கட்டடங்களில் கொங்கிறீட் கலவை வண்டியைக் கழுவிய சாம்பல் நீர். நாயும் காகமும் எலியும் விட்டுச்சென்றது. எலிக்காய்ச்சல் மழைக்காலத்தில் கூடுவது சும்மா அல்ல. டயர்த் தூளை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்த மறுநாள் கோஹோ சல்மன் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன என்று பல வருடம் தேடினார்கள். டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு பாதுகாப்புப் பொருள் காற்றோடு வினைபுரிந்து உண்டாகும் நஞ்சு அது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை எதுவும் குழாய் விடவில்லை. வீதியும் வாகனங்களும் மழையும் போதுமாக இருந்தன.

இதோடு மலநீரும் சேர்கிறது. கொழும்பின் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. மழைநீருக்குக் கான், மலசலத்துக்கு வேறு குழாய் என்று இரண்டையும் பிரித்துத்தான் அன்றே திட்டமிட்டார்கள். நல்ல திட்டம். ஆனால் வீட்டுக் கூரைத் தண்ணீரைக் கழிவுக்குழாயில் இணைப்பவர்களும், சமையலறைத் தண்ணீரை, சில இடங்களில் அதற்கு மேலானதையும் கானில் இணைப்பவர்களும் அந்தப் பிரிவினையை எப்போதோ அழித்துவிட்டார்கள். பெருமழையில் கழிவுக்குழாய் நிரம்பினால் மூடி வழியாகப் பொங்கி வீதிக்கு வரும், வீதியிலிருந்து கானுக்கு, கானிலிருந்து கடலுக்கு.

இங்கே ஒரு வினோதத்தைக் கவனியுங்கள். நகரத்தின் மலநீரைக்கூட நாங்கள் ஓரளவு மரியாதையாகத்தான் அனுப்புகிறோம். முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் இருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால், ஆழ்கடலுக்குள் குழாய் நீண்டு போகிறது. சுத்திகரிக்காமல் விட்டது பிழைதான், அது தனியாக எழுத வேண்டிய விசயம். ஆனாலும் அதைக் கட்டியவர்களுக்கு 'கரையில் விடக் கூடாது' என்ற அறிவு இருந்தது. மழைநீர்க் கானுக்கு அந்த மரியாதை கிடையாது. ரயில் பாதைக்குக் கீழே புகுந்து, கல்லுக்கு நடுவில் வாய் திறந்து, இடுப்பளவு தண்ணீரில் கொட்டுகிறது. மாலையில் பிள்ளைகள் கால் நனைக்கும் இடம் அது. தூண்டில் போடுகிறவர்கள் நிற்கும் இடமும் அது.

'கடல் பெரியது, எல்லாவற்றையும் கரைத்துவிடும்' என்பார்கள். கடல் பெரியதுதான். கரையோரம் பெரியதல்ல. கொழும்பில் மழை உச்சத்துக்கு வருவது பருவமாற்றக் காலங்களில், ஏப்ரல்–மேயிலும் ஒக்டோபர்–நவம்பரிலும். ஒக்டோபர் பின்னேர இடிமழையின்போது தென்மேற்குப் பருவத்தின் கொந்தளிப்பு அடங்கியிருக்கும். கான் கொண்டுவந்த பழுப்புத் தண்ணீர் கரையை ஒட்டியே நீண்ட நேரம் கிடக்கும். தென்மேற்குப் பருவத்திலோ அலை அதைத் திரும்பக் கரைக்கே தள்ளும். சிட்னி கடற்கரையும் பசிபிக் பெருங்கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் கடலைவிடச் சின்னதல்ல. ஆனாலும் மழை பெய்தால் ஒரு நாளைக்குக் கடலில் இறங்காதீர்கள், துறைமுகத்துக்குள் என்றால் மூன்று நாளைக்கு இறங்காதீர்கள் என்று அரசாங்கமே அங்கு அறிவிக்கிறது. கலிபோர்னியாவில் 72 மணித்தியாலம் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குளிக்கும் கடல்நீரைத் தரம் பிரிக்கிறது. 100 மில்லிலீற்றரில் குடலில் வாழும் கோளவடிவ பக்டீரியா 40க்குள் இருந்தால் நல்ல தரம், 500ஐத் தாண்டினால் மிக மோசமான தரம். கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் மழைக்கு மறுநாள் அந்த எண் என்ன என்பதை, மீன் விலையை எழுதுவது போல ஒரு பலகையில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?

2021 மேயில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, 1,600 தொன்னுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து மேற்குக் கரையில் ஒதுங்கத் தொடங்கியபோது நாடே கொதித்தது. கொதித்தது நியாயம். அந்தக் குற்றவாளிக்கு ஒரு கப்பல் இருந்தது, கொடி இருந்தது, காப்புறுதி நிறுவனம் இருந்தது; வழக்குப் போட முடிந்தது. கான் வாயில் ஒவ்வொரு மழைக்கும் வெளிவரும் போத்தல் மூடிக்கும் சோற்றுப் பொலித்தீனுக்கும் யார் மேல் வழக்குப் போடுவது? கொதிப்பதற்கு முகம் கிடைக்காததால் எவரும் கொதிப்பதில்லை.

முகம் வேண்டுமென்றுதான் கால்வாய்க்கரைக் குடியிருப்புகளைக் காட்டுகிறார்கள். இந்த வாதம் கொள்ளுப்பிட்டியில் நொடியில் உடைந்துபோகிறது. இங்கே கால்வாயும் இல்லை, அதன் கரையில் பலகை வீடும் இல்லை. அலரி மாளிகை இருக்கிறது, தூதரகங்கள் இருக்கின்றன, ஹோட்டல்களும் கடைத்தொகுதிகளும் வங்கிகளும் கடல் தெரியும் தொடர்மாடிகளும் இருக்கின்றன. நாட்டின் மிக விலைகூடிய காணிகளில் சில இங்கேதான். அப்படியிருந்தும் முதல் மழைக்குக் கான் வாயில் வருவது கறுப்புத் தண்ணீர். ஏழைகளை அகற்றினால் தண்ணீர் தெளியும் என்றால், கொள்ளுப்பிட்டிக் கடல் கண்ணாடி போல இருந்திருக்க வேண்டும்.

நம்பாதவர்கள் கொள்ளுப்பிட்டியின் முதுகுப் பக்கம் போய்ப் பார்க்கலாம். காலி வீதி சற்று உயர்ந்த நிலத்தில் ஓடுகிறது. அதன் மேற்கில் விழும் மழை கடலுக்குப் போகிறது. கிழக்கில், கங்காராம விகாரைப் பக்கம் சரியும் மழை பேர வாவிக்குப் போகிறது. அதே வீதிகள், அதே கடைகள், அதே கூரைகள். மேற்கே போன அழுக்கை அலை மறைத்துவிடுகிறது. கிழக்கே போனது மறைய இடமில்லாமல் பச்சையாகப் பூத்து, நாறி, அவ்வப்போது மீனைக் கொன்று எங்கள் கண் முன்னால் கிடக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் 165 ஹெக்டயர் இருந்த வாவி இன்று 65 ஹெக்டயர். குறைந்த தண்ணீரில் கூடிய அழுக்கு; மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசிக்கு அதைவிட வசதி வேறு வேண்டுமா? பேர வாவியைச் சுத்தம் செய்யத் திட்டம் போடாத அரசாங்கம் இல்லை. படகு விட்டார்கள், மருந்து போட்டார்கள், சேறு அள்ளினார்கள். வாவிக்குள் வந்து விழும் கான்களைப் பற்றி மட்டும் பேச்சுக் குறைவு. வாவி நோயாளி அல்ல. அது எங்கள் வீதிகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. அறிக்கைக்கு மருந்து ஊற்றி என்ன பயன்?

சரி, என்ன செய்வது? பதில் கான் வாயில் இல்லை, மழை விழும் இடத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர்ச்சஸ் காணி என்றால் ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அதை முழுக்கக் கூரையும் சீமெந்துத் தரையுமாக மூடிவிட்டால், 50 மில்லிமீற்றர் மழைக்கு 12,600 லீற்றர் தண்ணீர் வாசலைத் தாண்டி வீதிக்கு வரும். ஒரு பவுசர் நிறைய. ஒழுங்கையில் அப்படி இருபது வீடு இருந்தால் இருபது பவுசரை ஒரே நேரத்தில் கவிழ்த்ததற்குச் சமம். முன்பு இந்த வீடுகளில் முற்றம் இருந்தது, பலா மரம் இருந்தது, மண் இருந்தது. பழைய வீட்டை இடித்துத் தொடர்மாடி எழுப்பும்போது, நிலத்தடியில் வாகனத் தரிப்பிடம் வருகிறது, மேலே இன்டர்லொக் கல் வருகிறது, ஒரு துளியும் உள்ளே இறங்குவதில்லை. பிறகு கான் போதாது என்று மாநகர சபைக்குக் கடிதம் போகிறது.

அந்த 12,600 லீற்றரில் முதல் நாலாயிரம், ஐயாயிரத்தைத் தொட்டியில் பிடித்தாலோ மண்ணுக்குள் இறக்கினாலோ கானுக்குப் போகும் உச்ச வேகம் குறையும். வீதியில் அழுக்கு அதிகம் அடித்துச்செல்லப்படுவதும் அந்த முதல் பங்கு மழையில்தான் என்பதால், தண்ணீரைக் குறைக்கும் வேலையே அழுக்கையும் குறைக்கிறது. வீதியோரம் மரக் குழிகளைச் சீமெந்தால் கட்டி உயர்த்தாமல் தாழ்வாக விட்டு, வீதித் தண்ணீரை மணலும் வேரும் வழியாக இறங்க விடலாம். கான் வாய்க்கு முன்னால் மணற்குழியும் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் வைக்கலாம். சமையலறைகளின் கிரீஸ் ட்ராப்பைத் திறந்து பார்க்க ஓர் அலுவலர் வரலாம். இவை எதுவும் விண்வெளி விஞ்ஞானம் அல்ல.

மறுப்புகள் வரும், வரத்தான் வேண்டும். 'டெங்கு?' என்பது முதலாவது. 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். தண்ணீரைத் தேக்கு என்று சொல்பவன் மேல் கோபம் வருவது நியாயம். ஆனால் வலை போட்டு மூடிய தொட்டியில் நுளம்பு முட்டையிட முடியாது. சரியாக அமைத்த உறிஞ்சுகுழி ஓரிரு நாளில் வற்றிவிடும். முட்டை நுளம்பாவதற்கு அதைவிடக் கூடிய நாள் வேண்டும். நுளம்புக்கு உண்மையில் வசதியான இடம் இலை அடைத்த கூரைப் பீலியும், மட்டம் சரியில்லாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் புதுக் கொங்கிறீட் கானும்தான்.

'493 மில்லிமீற்றர் மழைக்குத் தொட்டி என்ன செய்யும்?' என்பது அடுத்தது. ஒன்றும் செய்யாது. கானும் ஒன்றும் செய்யாது. 1992ஐப் போன்ற மழைக்குச் சதுப்பும் தாழ்ந்த திடல்களும் எச்சரிக்கை ஒலியும்தான் உதவும். ஆனால் வருடத்தில் பெரும்பாலான மழைநாள்கள் அப்படிப்பட்டவை அல்ல. கடல் அழுக்காவது அந்தச் சாதாரண நாள்களில்.

மண் உறிஞ்சாது என்பவர்களிடம் பாதி உண்மை இருக்கிறது. கால்வாயோரப் பள்ளத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், அங்கே உறிஞ்சுகுழி வீண். ஆகவே இடம் பார்த்துச் செய்ய வேண்டும். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாநகராட்சி கொங்கிறீட் வடிகால் போட வந்தபோது, இது மணல் நிலம், மழை தானாக இறங்குகிறது, வடிகால் போட்டால் எங்கள் கிணறுகள்தான் வற்றும் என்று குடியிருப்பவர்களே எதிர்த்தார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அதே சென்னை, பல்லாயிரம் கோடி ரூபாய் வடிகால் வேலைகளுக்குப் பிறகும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நாள்கணக்காக மூழ்கிக் கிடந்தது. கான் கட்டினால் வெள்ளம் போய்விடும் என்பவர்கள் அந்த நகரத்தின் கணக்கையும் கேட்க வேண்டும்.

பெரிய சுரங்கம் என்றதும் லண்டனைக் காட்டுகிறவர்களும் உண்டு. தேம்ஸ் ஆற்றின் கீழே 25 கிலோமீற்றர் சுரங்கம், 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. உண்மை. ஆனால் அது தண்ணீரைக் கடலுக்குத் துப்புவதற்காக அல்ல, பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதற்காக. சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே 1977இல் தொடங்கிப் பத்து வருடத்தில் ஆற்றைச் சுத்தமாக்கினார்கள். 2008இல் மரினா அணை வந்த பிறகு நகரின் நடுவே கானில் விழும் மழை குடிநீர்த் தேக்கத்துக்குப் போகிறது. குடிக்கப்போகும் தண்ணீர் என்றால் கானை எப்படி வைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் அதிகாரிகளுக்கோ சிங்கப்பூர் என்றால் குடிசை அகற்றியது மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மழைநீர் சேகரிப்புக்குத் தேசியக் கொள்கை 2005இல் வந்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் திருத்தப்பட்டு, புதிய கட்டடங்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே வரைபடத்தில் தொட்டி இருக்கும். ஐந்து வருடம் கழித்தும் அது தொட்டியாக இருக்கிறதா, காவலாளியின் சாமான் அறையாகிவிட்டதா என்று பார்ப்பதுதான் சட்டத்தின் மறுபாதி. அந்தப் பாதியை யார் செய்வது? காலி வீதியின் கானுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை, ஒழுங்கைக் கானுக்கு மாநகர சபை, ரயில் பாதைக்குக் கீழே புகையிரதத் திணைக்களம், கரைக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், கடலுக்குச் சமுத்திரச் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. ஒரு கான் கடலை அடைவதற்குள் இத்தனை பேரின் எல்லையைக் கடக்கிறது. தண்ணீரின் தரம் எந்த எல்லைக்குள்ளும் யாருடைய வேலையும் அல்ல. தூர் வாருவதிலும் இதே கதைதான்: ஒருவர் சேற்றை அள்ளிக் கானோரம் குவிப்பார், ஏற்றிச்செல்ல வேண்டியவர் வருவதற்குள் மழை வந்து அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும்.

ஜெர்மன் நகரங்கள் இந்த முடிச்சைக் காசால் அவிழ்த்தன. கழிவுநீர்க் கட்டணத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: பாவித்த தண்ணீருக்கு ஒன்று, உங்கள் காணியில் மழை இறங்க முடியாமல் மூடிவைத்த தரைக்குச் சதுர மீற்றர் கணக்கில் இன்னொன்று. கூரையில் புல் வளர்த்தால், தரையைத் திறந்துவிட்டால், தொட்டி வைத்தால் கட்டணம் குறையும். எந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று அதிகாரி சொல்லத் தேவையில்லை. கட்டணச் சீட்டு சொல்லிவிடும்.

கொழும்பு மாநகர சபை சோலைவரியை ஏற்கெனவே காணி காணியாக வாங்குகிறது. மூடிய தரையின் அளவை வான்படத்தில் பார்த்தே எடுக்கலாம். கொள்ளுப்பிட்டியில் தொடங்கலாம், ஏனென்றால் இங்கே கட்ட முடியாதவர்கள் குறைவு: ஹோட்டல், கடைத்தொகுதி, வங்கி, சொகுசுத் தொடர்மாடி என்று பெரிய கூரைக்காரர்களிடம் முதலில் வாங்கி, சின்ன வீடுகளுக்கு விலக்கு கொடுத்து, வரும் காசைக் கான் வாய் மணற்குழிகளுக்கும் வாராவாரம் கடல்நீர்ப் பரிசோதனைக்கும் மட்டும் என்று ஒதுக்கலாம். கடல் பக்கத்தில் இருப்பதற்காகத்தான் அந்தக் காணிகளுக்கு அவ்வளவு விலை. அந்தக் கடலைப் பாவிக்கும் கூலியையும் அதே காணிகளிடம் கேட்பதில் அநியாயம் ஏதுமில்லை.